பென்சில்வேனியாவில் காட்டு வான்கோழி வேட்டை: பருவம், டேக், வேட்டைக் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வசந்தம் வந்தாலே இந்த மாநிலத்தில் வேலை செய்யும் இடத்திலும், பக்கத்து வீட்டிலும், பெட்ரோல் பங்கிலும் வான்கோழிப் பேச்சுதான். நம்மவர்களிலும் ஆர்வம் உள்ளவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள், கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். இது பென்சில்வேனியாவுக்கு மட்டும் பொருந்தும். தேதியும் கட்டணமும் மாறக்கூடியவை, லைசென்ஸ் வாங்கும்போது அந்த ஆண்டுக்கான விதித் தொகுப்பைக் கட்டாயம் புரட்டிப் பாருங்கள்.

விதிகளைப் போடுவது யார்? ஏன் மாநிலத்துக்கு மாநிலம் வேறு?

இங்கே போடுவது பென்சில்வேனியா கேம் கமிஷன், 1895இல் தொடங்கப்பட்ட அமைப்பு. வாத்து, புறா மாதிரி வலசை போகும் பறவைகளுக்கு மத்திய அரசின் சட்டம் குறுக்கே வரும். வான்கோழி வலசை போகாது, பிறந்த மலையடிவாரத்தைச் சுற்றியே வாழ்ந்து முடிக்கும், ஆகவே அதை எப்போது, எப்படி, எத்தனை சுடலாம் என்பது முழுக்க மாநிலத்தின் கையில். அலாஸ்கா தவிர மற்ற 49 மாநிலங்களிலும் காட்டு வான்கோழி இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனி விதி. நியூயார்க்கில் வசந்தப் பருவம் மே 1 முதல் 31 வரை, சுட்டதை 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அலபாமாவில் 48 மணி நேரம்தான் அவகாசம். பென்சில்வேனியாவில் 10 நாள். எல்லையோர மாவட்டங்களில் இருப்பவர்கள் பக்கத்து மாநில நண்பர் சொன்னதை வைத்துக்கொண்டு இங்கே வேட்டைக்குப் போகாதீர்கள்.

வசந்தப் பருவம் எப்போது?

மே 1ஆம் தேதிக்கு மிக அருகில் வரும் சனிக்கிழமை தொடங்கி மே 31 வரை என்பது வழக்கம். 2023இல் ஏப்ரல் 29, 2024இல் மே 4, 2025இல் மே 3 தொடங்கியது. அதற்கு முந்தைய சனிக்கிழமை சிறுவர்களுக்கு மட்டுமான ஒரு நாள்.

ஞாயிற்றுக்கிழமைக் குழப்பம் தனி. 19ஆம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்றால் ஞாயிறு வேட்டை இங்கே ரொம்ப காலம் பெரும்பாலும் தடைபட்டிருந்தது. 2019இல் வந்த சட்டம் மூன்று ஞாயிறுகளைத் திறந்துவிட்டது, 2025இல் அந்தத் தடையையே நீக்கி, எந்த ஞாயிறு எந்த விலங்குக்கு என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கமிஷனிடம் கொடுத்துவிட்டார்கள். அதனால் ‘ஞாயிறு கூடாது’ என்ற பழைய பேச்சையும் நம்பாதீர்கள், ‘இனி எல்லா ஞாயிறும் போகலாம்’ என்ற புதுப் பேச்சையும் நம்பாதீர்கள். அந்த ஆண்டின் அட்டவணையில் வான்கோழிக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

மதியம் 12 மணிக்கு ஏன் முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள்?

பருவத்தின் முதல் பாதியில், சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து நண்பகல் வரைதான் வேட்டை. 1 மணிக்குள் காட்டைவிட்டு வெளியே வந்துவிடச் சொல்கிறார்கள். கடைசி இரண்டு வாரம் மட்டும், சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை முழு நாளும் உண்டு, இது 2011 முதல் வந்த ஏற்பாடு.

காரணம் பெட்டை. வான்கோழிப் பெட்டை மரத்தில் கூடு கட்டாது. தரையில், சருகுக்குள், ஒரு புதரடியில் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு 28 நாள் அடைகாக்கும். அடைக்கு உட்கார்ந்த முதல் சில நாட்களில் யாராவது கலைத்துவிட்டால் கூட்டையே கைவிட்டுப் போய்விடும் வாய்ப்பு அதிகம். நாள் ஆக ஆக அது அவ்வளவு எளிதில் எழுந்து போகாது. பருவத் தொடக்கத்தில் பல பெட்டைகள் அப்போதுதான் அடைக்கு உட்காருகின்றன, காட்டில் ஆள் நடமாட்டமும் அப்போதுதான் அதிகம். மே பிற்பாதியில் இரண்டுமே மாறிவிடுகிறது: பெட்டைகள் உறுதியாக உட்கார்ந்திருக்கும், வேட்டைக்காரர்கள் குறைந்திருப்பார்கள். கடிகாரத்தில் 12 அடிப்பதை ஏதோ அதிகாரிகளின் பிடிவாதம் என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், அந்த விதிக்குள் அவ்வளவு கவனிப்பு இருக்கிறது.

பருவத்தையே மே மாதத்தில் வைத்திருப்பதும் அதே யோசனைதான். அதற்குள் இணைசேர்தல் பெருமளவு முடிந்திருக்கும், பெட்டைகள் கூட்டில் இருப்பதால் தவறுதலாகக் குண்டடி படாது, துணை கிடைக்காத சேவல்கள் அழைப்புக் குரலுக்கு ஓடி வரும்.

சேவல் மட்டும்தானா? எப்படி அடையாளம் காண்பது?

வசந்தத்தில் சட்டம் கேட்பது ‘தாடி’. நெஞ்சிலிருந்து குதிரைவால் மயிர் போலத் தொங்கும் கற்றைக்குத்தான் தாடி என்று பெயர். தாடி உள்ள பறவையை மட்டும் சுடலாம். பெட்டைகளிலும் சிலவற்றுக்கு மெல்லிய தாடி உண்டு, அதைச் சுடுவது சட்டப்படி குற்றமில்லை. ஆனாலும் என் கருத்தைக் கேட்டால், சுடாதீர்கள். அந்தப் பெட்டைக்கு எங்கோ ஒரு கூடு இருக்கும்.

சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் கலந்து பளிச்சென்று இருக்கும், நெஞ்சு இறகுகளின் நுனி கறுப்பு. பெட்டையின் தலை மங்கிய சாம்பல் நீலம், நெஞ்சு இறகின் நுனி பழுப்பு. ஓராண்டு இளஞ்சேவலை இங்கே ஜேக் என்பார்கள். வாலை விரித்தால் நடு இறகுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், முதிர்ந்த சேவலுக்கு விசிறி போல ஒரே சீராக இருக்கும். கால்முள்ளும் காட்டிக்கொடுக்கும், ஜேக்குக்கு அரை அங்குலத்துக்கும் குறைவு. தாடியைக் கண்ணால் பார்க்காமல் விசையில் விரலை வைக்காதீர்கள், குரலையோ அசைவையோ நம்பிச் சுடவே கூடாது.

ஒருவர் எத்தனை சுடலாம்? என்ன செலவாகும்?

சாதாரண வேட்டை லைசென்ஸ் எடுத்தாலே வசந்தத்துக்கு ஒரு டேக் (சுட்ட பறவையில் நிரப்பிக் கட்டும் அட்டை), இலையுதிர் காலத்துக்கு ஒரு டேக் கூடவே வரும். இங்கே வசிக்கும் பெரியவர்களுக்கு 20.97 டாலர், வெளிமாநிலத்தாருக்கு 101.97 டாலர். லைசென்ஸ் ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, ஆகவே ஜூலையில் வாங்கினால் அடுத்த மே மாத வேட்டைக்கும் அதுவே போதும்.

வசந்தத்தில் இரண்டாவது சேவல் வேண்டுமென்றால் வான்கோழிக்கான சிறப்பு லைசென்ஸ் தனியாக எடுக்க வேண்டும், 21.97 டாலர், வெளிமாநிலத்தாருக்கு 41.97. பருவம் தொடங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது, முன்பே வாங்கிவிட வேண்டும். வருடா வருடம் யாராவது ஒருவர் முதல் சேவலைச் சுட்ட உற்சாகத்தில் போய்க் கேட்டு ஏமாந்து திரும்புகிறார். இரண்டு டேக் இருந்தாலும் ஒரே நாளில் இரண்டு கூடாது, நாளுக்கு ஒன்றுதான்.

எச்1பி விசாவில் இருக்கிறேன். எனக்கு வேட்டைக்கு அனுமதி உண்டா?

நம்மவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான், பாதி தெரிந்துகொண்டு இறங்கினால் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடுவதும் இதுதான். தற்காலிக விசாவில் உள்ளவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அந்தத் தடைக்கு உள்ள விலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. அதாவது லைசென்ஸ் இல்லாமல் நண்பரின் துப்பாக்கியைச் ‘சும்மா’ வாங்கிப் பார்ப்பதுகூட மத்தியச் சட்டப்படி ஆபத்து. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. குடியேற்ற நிலை பணயமாக இருக்கும் விஷயம் என்பதால், முதல் முறை போகுமுன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தச் செலவு வீண் இல்லை.

கட்டணத்தைப் பொறுத்தவரை, லைசென்ஸ் கேட்பதற்கு முன் தொடர்ந்து 30 நாள் இங்கே வசித்திருந்தால் உள்மாநிலக் கட்டணம்.

ஒரு சின்ன வரலாறும் சொல்லிவிடுகிறேன், நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. 1909இல் இந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது: குடியுரிமை பெறாத வெளிநாட்டில் பிறந்தவர்கள் இங்கே வேட்டையாடக் கூடாது, அதற்காக ஷாட்கன்னோ ரைஃபிளோ வைத்திருக்கவும் கூடாது. இத்தாலியில் பிறந்த பாட்சோன் என்பவர் மீது வழக்குப் பாய்ந்தது, அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார், 1914இல் நீதிமன்றம் மாநிலத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அன்று அவருக்கு மறுக்கப்பட்ட உரிமை இன்று நமக்குக் கிடைக்கிறது. விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பிடிவாதம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் முறை போகிறவர் என்ன படிக்க வேண்டும்? குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

முதல் லைசென்ஸுக்கு முன் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும், 11 வயது நிரம்பியவர்கள் சேரலாம். சொந்த லைசென்ஸ் 12 வயதிலிருந்து. வகுப்புக்கு முன்பே ருசி பார்க்க வேண்டுமென்றால், வழிகாட்டி ஒருவருடன் போகும் அனுமதித் திட்டம் சிறியவர்களுக்கும் பெரியவர்களுக்கும் இருக்கிறது. வழிகாட்டிக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் கூட்டிப் போகலாம். 12 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும், நடக்கும்போது துப்பாக்கி பெரியவர் கையில்தான். பெரியவர்களுக்கும் நான் வகுப்பைத்தான் முதலில் சொல்வேன்.

எந்த ஆயுதம்? எந்தத் தோட்டா? தீனி போட்டு வரவழைக்கலாமா?

ஷாட்கன், வில், குறுக்குவில். தோட்டாவுக்குள் இருக்கும் ரவை, ஈயம் என்றால் 4ஆம் எண் ரவையைவிடப் பெரியதாக இருக்கக் கூடாது, எஃகு என்றால் 2ஆம் எண் (எண் குறையக் குறைய ரவை பெரிது). ரைஃபிள் வசந்தத்தில் கிடையாது. இலையுதிர் பருவத்தில் முன்பு சில பகுதிகளில் அனுமதித்தார்கள், 2021இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

வசந்தத்தில் குரல் கொடுத்து அழைத்துத்தான் வேட்டை. சேவல் கூவும் சத்தத்தைக் கேட்டுப் பதுங்கிப் பதுங்கிப் போய்ச் சுடுவது சட்டவிரோதம், ஏனென்றால் நீங்கள் கேட்ட அந்தக் ‘குரல்’ இன்னொரு வேட்டைக்காரர் வாயிலிருந்து வந்ததாக இருக்கலாம். ஆட்களைவிட்டு விரட்டிக் கொண்டுவருவதும் கூடாது. வாயில் வைக்கும் சவ்வு, மரப்பெட்டி, சிலேட்டுக் கருவி எல்லாம் சரி. பதிவு செய்த குரலைப் போடும் மின்னணுக் கருவி கூடாது.

தீனி கண்டிப்பாகக் கூடாது. சோளம் கொட்டிய இடத்தில், கடைசி மணி வரை அகற்றிய பிறகும் 30 நாள் கழியாமல் அந்தப் பகுதியில் வேட்டையாடக் கூடாது. தீனியை நீங்கள் போடவில்லை என்பது சாக்கு ஆகாது, உட்காரும் இடத்தைச் சுற்றி ஒரு நடை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சு உடை வேண்டாமா? எங்கே போகலாம்?

வசந்த வான்கோழிக்கு ஆரஞ்சு உடை கட்டாயமில்லை, அந்தப் பறவை நிறத்தை நன்றாகப் பார்க்கும் என்பதால். ஆனால் இடம் மாறி நடக்கும்போது ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள், நானும் அதையே கெஞ்சிக் கேட்கிறேன். சிவப்பு, வெள்ளை, நீலம், கறுப்பு எதுவும் உடம்பில் தெரியக் கூடாது, பனியன் கழுத்துகூட. அவை சேவலின் நிறங்கள். முதுகைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்காருங்கள். யாராவது நெருங்கினால் கையசைக்காமல், வான்கோழிக் குரலும் கொடுக்காமல், மனிதக் குரலில் சத்தமாகச் சொல்லுங்கள்: ‘இங்கே ஆள் இருக்கிறேன்.’

இடத்துக்குக் குறைவில்லை. கமிஷனின் ஸ்டேட் கேம் லேண்ட்ஸ் மட்டுமே சுமார் 15 லட்சம் ஏக்கர், மாநில வனங்கள் அதைவிட அதிகம். குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 கஜத்துக்குள், வீட்டாரின் அனுமதியில்லாமல், துப்பாக்கியால் வேட்டையாடக் கூடாது, வில்லுக்கு 50 கஜம். மரத்தில் ஊதா பெயிண்ட் கோடு பார்த்தால் அது தனியார் நிலம், உள்ளே வராதே என்று பொருள். 2020 முதல் அது சட்டபூர்வமான அறிவிப்பு.

சுட்டாகிவிட்டது. முதலில் என்ன?

துப்பாக்கியைப் பாதுகாப்பாக வையுங்கள், பறவை உண்மையிலேயே இறந்ததா என்று பாருங்கள், அப்புறம் உடனே டேக். பறவையை அந்த இடத்தைவிட்டு நகர்த்துவதற்கு முன் டேக்கைப் பேனாவால் நிரப்பிப் பறவையில் கட்ட வேண்டும். ‘வண்டி வரைக்கும் தூக்கிட்டுப் போய்க் கட்டிக்கிறேன்’ என்பது குற்றம். கைபேசியில் படம் எடுப்பது, மனைவிக்குச் சொல்வது எல்லாம் அதற்குப் பிறகு. பேனாவும் ஒரு துண்டுக் கயிறும் சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும். சமைக்கத் தயார்செய்யும் வரை அந்த டேக் பறவையோடு இருக்க வேண்டும்.

வேட்டைக் கணக்கை எப்படித் தெரிவிப்பது?

10 நாளுக்குள். ஹன்ட்ஃபிஷ்பிஏ இணையதளத்தில், அல்லது இலவசத் தொலைபேசி எண்ணில், அல்லது விதித் தொகுப்போடு வரும் அஞ்சலட்டையில். இணையத்தில் ஐந்து நிமிடம்கூட ஆகாது. முடிந்ததும் உறுதிப்படுத்தும் எண் ஒன்று வரும், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தேதி, மாவட்டம், டவுன்ஷிப், வேட்டை மேலாண்மைப் பகுதி எண், சேவலா பெட்டையா, முதிர்ந்ததா இளசா, காலில் வளையம் இருந்ததா என்பதெல்லாம் கைவசம் இருக்கட்டும். மேலாண்மைப் பகுதி மாவட்ட எல்லைப்படி போகாது, நெடுஞ்சாலைகளையும் ஆறுகளையும் எல்லையாக வைத்துப் பிரித்திருப்பார்கள், ஒரே மாவட்டத்தில் இரண்டு மூன்று பகுதி வரலாம். சாலையின் இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கம் வேறு. வீட்டுக்கு வந்து ஊகத்தில் போடுவதைவிட, காட்டில் இருக்கும்போதே வரைபடத்தில் பார்த்துக் குறித்துக்கொள்வது மேல். தாடியின் நீளத்தையும் கால்முள்ளின் நீளத்தையும் சுத்தம் செய்வதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

டேக் கட்டிவிட்டேனே, அப்புறம் எதற்கு ரிப்போர்ட்? யார் கேட்கப் போகிறார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

டேக், காட்டில் உங்களைச் சந்தித்து விதிப்படி நடக்கிறீர்களா என்று பார்க்கும் கேம் வார்டனுக்கு. ரிப்போர்ட், அடுத்த ஆண்டு எத்தனை நாள் பருவம் விடலாம் என்று கணக்குப் போடும் உயிரியலாளருக்கு. காட்டில் உள்ள வான்கோழிகளை யாராலும் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஆகவே வேறு வழியில் போகிறார்கள். குளிர்காலத்தில் வலைவீசிச் சேவல்களைப் பிடித்து, காலில் எண் போட்ட வளையம் மாட்டி விட்டுவிடுகிறார்கள். வசந்தத்தில் அவற்றில் எத்தனை சுடப்பட்டதாகத் தகவல் வருகிறது என்று பார்த்தால், நூற்றுக்கு எத்தனை சேவல் வேட்டையில் போகிறது என்பது தெரியும். அதையும் மொத்த வேட்டைக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் காட்டில் எத்தனை இருந்தன என்பது ஓரளவு பிடிபடும்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பகுதியில் வளையம் போட்ட 100 சேவல்கள் பருவத் தொடக்கத்தில் உயிரோடு இருந்தன, 30 சுடப்பட்டன என்று வையுங்கள். சுட்டவர்களில் பாதிப் பேர் சோம்பலில் தெரிவிக்கவில்லை. அலுவலகத்துக்குத் தெரிவது 15. ‘அட, நூற்றுக்குப் பதினைந்துதானே போகிறது, பறவைகள் சௌக்கியமாக இருக்கின்றன’ என்று தோன்றும். உண்மையில் இரண்டு மடங்கு போயிருக்கிறது. அந்தத் தவறான நிம்மதியை நம்பிப் பருவத்தை நீட்டினால் அடி வாங்குவது அந்தப் பகுதியின் பறவைகள், அப்புறம் அங்கே வேட்டைக்குப் போகும் நாமும் நம் பிள்ளைகளும்.

நிறையப் பேர் தெரிவிப்பதில்லை என்பது உயிரியலாளர்களுக்குத் தெரியும். அதனால் சில வளையங்களில் பரிசுத்தொகை எழுதி விடுகிறார்கள், பணம் என்றால் ஏறக்குறைய எல்லோரும் சொல்லிவிடுவார்கள், பரிசு வளையத்துக்கும் சாதாரண வளையத்துக்கும் உள்ள இடைவெளியை வைத்து எவ்வளவு மறைகிறது என்று சரிக்கட்டுகிறார்கள். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் சரிக்கட்டல் எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவு சந்தேகமும் கூடும். மாநில அளவில் பரவாயில்லை, ஒரு சிறிய மேலாண்மைப் பகுதியில் பத்துப் பேர் தெரிவிக்காமல் விட்டாலே படம் மாறிவிடும்.

இன்னொன்று, முதிர்ந்ததா ஜேக்கா என்ற அந்தச் சின்னக் கட்டம். ஜேக்குகள் ஒரு ஆண்டு குறைவாக வந்தால், அதற்கு முந்தைய கோடையில் குஞ்சுகள் பிழைக்கவில்லை என்று பொருள்: மழையும் குளிரும் அடித்திருக்கலாம், நரியும் ரக்கூனும் தின்றிருக்கலாம். நீங்கள் போடும் ஒரு டிக்கில் அந்தக் கோடையின் கதை போய்ச் சேர்கிறது. சட்டப்படி கட்டாயம், செய்யாவிட்டால் அபராதம் என்பதெல்லாம் இருக்கட்டும். அதற்குப் பயந்து செய்யாதீர்கள், இதற்காகச் செய்யுங்கள்.

வேட்டையாடினால் அழியாதா? இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது?

அழியத் தெரிந்தது. காடுகளை மொட்டையடித்ததும், கணக்கில்லாமல் சுட்டுச் சந்தையில் விற்றதும் சேர்ந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவில் சில ஆயிரம் பறவைகள்தான், அதுவும் நடுப்பகுதி மலைத்தொடர்களில், எஞ்சியிருந்தன. 1930களில் தொடங்கி அரை நூற்றாண்டு, பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். தாயிடம் பயம் கற்காத குஞ்சுகள் காட்டில் நிற்கவில்லை. பலன் தந்தது வேறு வழி: காட்டுப் பறவைகளையே வலையில் பிடித்து, வான்கோழி இல்லாத காடுகளில் கொண்டுபோய் விட்டது. 1956 முதல் 2003 வரை அந்த வேலை நடந்தது. 1968இல் முதல் வசந்தப் பருவத்தைத் திறக்கும் துணிவு அதனால்தான் வந்தது. 2001இல் மாநிலத்தில் சுமார் 2,80,000 பறவைகள் இருந்தன, அதுதான் உச்சம். அதன் பிறகு குறைந்திருக்கிறது, மற்ற பல மாநிலங்களிலும் இதே கவலை.

பணம் எங்கிருந்து என்றும் கேட்பார்கள். லைசென்ஸ் கட்டணம் ஒன்று. இன்னொன்று 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம்: நீள் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம் மத்திய வரி போட்டு, அந்தப் பணத்தை மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் பிரித்துத் தருகிறார்கள்.

இலையுதிர் பருவம் ஏன் பகுதிக்குப் பகுதி மாறுகிறது?

அதில் சேவல், பெட்டை எதையும் சுடலாம், ஒன்று மட்டும். பெட்டை போனால் அடுத்த ஆண்டின் குஞ்சுகளும் போகின்றன, ஆகவே எண்ணிக்கை நன்றாக உள்ள பகுதியில் சில வாரம், மெலிந்த பகுதியில் சில நாள். பிலடெல்பியாவைச் சுற்றிய 5சி, 5டி என்ற மேலாண்மைப் பகுதிகளில் கடந்த ஆண்டுகளில் பருவமே விடவில்லை. சென்ற ஆண்டு போன இடம் இந்த ஆண்டும் திறந்திருக்கும் என்று எண்ணாதீர்கள்.

காலில் வளையத்தோடு ஒன்று கிடைத்தது. என்ன செய்ய?

அதிர்ஷ்டம்தான். வளையத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள், பரிசு எழுதியிருந்தால் அதுவும் வரும். வான்கோழி வேட்டைக் கணக்கைத் தனியாகவும் தெரிவிக்க வேண்டும், ஒன்று செய்தால் மற்றது தானாக ஆகிவிடாது. சில பறவைகளின் முதுகில் கண்காணிப்புக் கருவி கட்டியிருக்கும், அதைத் தூக்கி எறியாமல் ஒப்படையுங்கள், விலை உயர்ந்தது, உள்ளே தகவலும் இருக்கலாம். சாலையில் அடிபட்டுக் கிடந்த பறவையின் வளையத்தையும் இப்படியே தெரிவிக்கலாம், சாவு எதனால் என்பதும் அவர்களுக்கு வேண்டிய தகவல்தான்.

தவறுதலாகத் தாடியில்லாத பெட்டையைச் சுட்டுவிட்டால்?

அங்கேயே விட்டுவிட்டு ஓடாதீர்கள். உடனே கேம் வார்டனை அழைத்து உள்ளதைச் சொல்லி, பறவையை ஒப்படையுங்கள். தானாக முன்வந்து சொன்னவரையும் மறைத்து மாட்டியவரையும் சட்டம் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

இறைச்சியை விற்கலாமா? எப்படிச் சமைப்பது?

விற்கக் கூடாது. நண்பர்களுக்குக் கொடுக்கலாம், காசு மட்டும் கைமாறக் கூடாது. வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனால் விதிப்படி சுட்டது என்பதற்கான விவரம் கூடவே இருக்கட்டும், ஒரு மாநில விதியை மீறிச் சுட்டதை எல்லை தாண்டிக் கொண்டுபோனால் 1900ஆம் ஆண்டின் லேசி சட்டப்படி அது மத்தியக் குற்றமாகிவிடும்.

சமையலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெஞ்சுக்கறியில் கொழுப்பு இல்லை, கொஞ்சம் கூட வெந்தால் சக்கை. தயிரும் மஞ்சளும் போட்டு இரவெல்லாம் ஊறவைத்துத் துண்டாக வறுங்கள், உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கிவிடுங்கள். காலும் தொடையும் நரம்பு, நாட்டுக்கோழிக் குழம்பு மாதிரி மிளகு தூக்கலாக வைத்துப் பொறுமையாக வேகவிட்டால் அபாரமாக இருக்கும். பலர் காலைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள், அது தப்பு. ரவையைப் பார்த்துப் பொறுக்கி எடுங்கள், பல் போய்விடும்.

நான் வேட்டைக்கே போவதில்லை. எனக்கு இதில் ஏதாவது வேலை உண்டா?

உண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வான்கோழிகளைப் பார்த்தால், எத்தனை பெட்டை, எத்தனை குஞ்சு, எத்தனை சேவல் என்று கமிஷனின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். அந்த ஆண்டு குஞ்சுகள் எவ்வளவு பிழைத்தன என்று அதிலிருந்து கணிக்கிறார்கள். குஞ்சே இல்லாத பெட்டையைப் பார்த்தாலும் பதிவு செய்யுங்கள், அதை விட்டுவிட்டால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஜனவரி தொடங்கி மார்ச் நடு வரை கூட்டமாக மேயும் வான்கோழிகள் கண்ணில் பட்டால் இடத்தைத் தெரிவிக்கலாம், வலைவீசி வளையம் போடும் குழு அங்கே வரும். உங்கள் நிலத்தில் பிடிப்பதென்றால் உங்கள் அனுமதி கேட்டுத்தான் வருவார்கள்.